இருந்து பார்க்காத சீட்டுக்கு மஞ்சள் கோடு

நீங்கள் பொய்க் கோடு போடுகிறீர்கள்.

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கெலிஓயாவில் கம்பளை ரோட்டால் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முன் சீட் மாற்றிக் கொடுப்பதாக வீடியோ போடுகிறீர்கள். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும் என்கிறீர்கள். கடைசியில் கேமராவைச் சீட்டுக்குக் கீழே கொண்டுபோய், போல்ட்டின் தலையில் இருக்கிற மஞ்சள் கோட்டைக் காட்டி, "இதுதான் எங்கட கடை முத்திரை, பழைய முதலாளி காலத்துலருந்து இந்தக் கோடுதான்" என்று சொல்கிறீர்கள். அந்தக் கோடு எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் போடுகிறீர்கள். இரண்டில் எது என்று கடைசியில் கேட்கிறேன்.

எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. இருபத்தாறு வருஷம் அதே கடையில் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். முதுகு போய், வேலையை விட்டு விலகி மூன்று வருஷம் ஆகிறது. பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது என் மருமகன் ஜெரோம் வாசலில் ஹோன் அடித்தான்.

அவன் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கியிருந்தான். இரண்டு கதவு, தாழ்ந்த கார், வெள்ளி நிறம். என் மகளை விட நாலு வயது மூத்தது. என் மகள் ரெஜினா இடதுபக்கச் சீட்டில் பெல்ட் போட்டு இருந்தாள்.

"மாமா, வந்து பாருங்க. பழைய சீட் ரெண்டும் அமுங்கிப் போச்சுன்னு மாத்திட்டேன். எங்க போட்டேன்னு சொல்லுங்க பாப்போம்."

"எங்க?"

"உங்க கடையிலதான் மாமா. கீழ மஞ்சள் கோடுகூட இருக்கு."

என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத்தான் அங்கே போயிருக்கிறான். நல்ல பிள்ளை. நான் முதுகைப் பார்க்காமல் முற்றத்தில் படுத்து, ஃபோன் லைட்டை அடித்துக் காருக்கு அடியில் பார்த்தேன். தரைத் தகட்டில் புதிதாகத் துளை போட்டிருந்தது. துளைக்குக் கீழே இருந்தது இரண்டு ரூபாய்க் குத்திக் காசு அளவு ஒரு வாஷர். அகலமான இரும்புத் தட்டு இல்லை. மேலே வந்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். போல்ட் தலைகளில் எண் இல்லை. கேட் பூட்டுகிற சாதாரண போல்ட். அதன்மேல் நல்ல நேரான மஞ்சள் கோடு.

"இதுல யாரு இருந்து பாத்தது?" என்று கேட்டேன்.

ஜெரோமுக்குக் கேள்வி விளங்கவில்லை. "யாரு மாமா, ரெஜினாதான். பத்து நாளா இவதானே இருக்கா."

மகளை இறங்கச் சொன்னேன். உங்களுக்கு அன்றைக்கே ஃபோன் எடுத்தேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாஸ், நீங்க ரிட்டயர் ஆனவர். வயசு போனா எல்லாத்துக்கும் பயமாத்தான் இருக்கும். ஒரு டீயக் குடிச்சுட்டு சாஞ்சு படுங்க."

பயம்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் கலஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் கண்டியில் ஒரு குஷன் கடையில் சேர்ந்து பஸ் சீட்டுகளுக்கு ரெக்சின் தைத்தேன். ஆறு வருஷம் ஊசியும் நூலும். பிறகு வெல்டிங் பழகினேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடைக்கு, பழைய முதலாளி நிஜாம் நானாவிடம் வந்தேன். படித்த கதை இவ்வளவுதான்.

நானா மடவளைக்காரர். கட்டையான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போகும். அப்போதுதான் நாங்கள் செய்த வேலையை மறுபடி ஒருமுறை பார்ப்போம். கத்துகிற முதலாளியிடம் நான் முன்பு வேலை செய்திருக்கிறேன். கத்துகிறவருக்குப் பயப்படத் தேவையில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு சீட் போடுவது மெத்தை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சீட் அமுங்கிவிட்டது, முதுகு நோகிறது, அல்லது இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற சீட்டுக்கு ஆசை. கொழும்பில் பழைய உதிரிப் பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வேறொரு காரில் கழற்றிய சீட் இரண்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு காரின் சீட் இன்னொரு காரின் தரைக்குப் பொருந்தாது. கம்பெனி தரையில் நாலு இடத்தில் தடித்த இரும்பு வைத்து, அதற்குள் நட்டை ஒட்டியிருக்கும். புதுச் சீட்டின் கால்கள் அந்த நாலு இடத்துக்கு வராது. ஆகவே நடுவில் ஒரு இரும்புக் கால் செய்ய வேண்டும். அந்தக் காலில்தான் உயிர் இருக்கிறது.

இன்னொன்று. அந்த மாதிரிக் கார்களில் பெல்ட்டின் லொக் தரையில் இல்லை, சீட்டின் உள்பக்கத்தில் பூட்டியிருக்கும். சீட் கழன்றால் பெல்ட்டும் சேர்ந்து வரும். பெல்ட் போட்டிருக்கிறோம் என்று நம்பி இருக்கிறவன் எதிலும் கட்டப்படாமல் இருக்கிறான்.

நானாவின் முறை இது. கம்பெனி போட்ட நாலு நட்டையும்தான் முதலில் தேட வேண்டும். அது துருப்பிடித்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, தரைக்குக் கீழே உள்ளங்கையை விடப் பெரிய இரும்புத் தட்டு வைக்க வேண்டும். தட்டின் மூலைகளை உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தகட்டை அறுக்கும். போல்ட் தலையில் பலம் காட்டும் எண் இருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டைக் கடைக்குள்ளேயே வைக்க விடமாட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு இருந்து பார்ப்பது. சீட்டைப் பூட்டியவன் அதே சீட்டில் ஏறி இருந்து பெல்ட் போட வேண்டும். ஓட்டுகிறவர் சீட் என்றால் அவனே ஓட்ட வேண்டும், மற்றச் சீட் என்றால் நானா ஓட்டுவார். கடைக்குப் பின்னால் பள்ளிவாசல் பக்கம் ஒரு செங்குத்தான இறக்கம் இருக்கிறது. அதில் வேகமாக விட்டு, பாதியில் பிரேக்கை முழுதாக மிதிப்பார். மூன்று தரம். பிறகு வந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்ப்பார். அசையவில்லை என்றால் ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, போல்ட் தலையிலிருந்து இரும்புக் கால் வரை மஞ்சள் பெயின்ட் இழுப்பார். அதுதான் கோடு. ஒருவன் தன் எலும்பை வைத்துப் பார்த்த பிறகு போடுகிற கோடு.

ஒரு முறை என் வெல்டிங் விட்டுவிட்டது. முதல் பிரேக்கிலேயே சீட்டின் முன்கால் பிளந்து என் நெற்றி கண்ணாடியில் அடித்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் ஏழு தையல். வெல்ட் பண்ணியவன் நான்தான், யாரையும் திட்ட முடியாது. அதற்குப் பிறகு அந்த இறக்கத்தின் தலைப்புக்குப் போனாலே என் இடது கை கதவுக் கைப்பிடியைத் தேடிப் போகும். நானா அதைக் கண்டுவிட்டார்.

"பயமா ஈக்கா, சவரி?"

"கொஞ்சம் நானா."

"அப்ப எறங்கி இன்னொருக்கா ஸ்பேனர வெச்சுப் பாத்துட்டு வா. நான் நிக்கிறேன்."

அவ்வளவுதான். கேலி செய்யவில்லை. ஆனால் என் பயம் போகவும் இல்லை. வேலை செய்யும்போது அது என்னைக் கவனமாக வைத்தது, அது உண்மை. ஒரு வெள்ளிக்கிழமை அதே பயம் என்னைப் பொய்காரனாக்கியது. அதுவும் உண்மை.

கண்டியில் வேலை செய்த ஒரு பல் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற தொழில், முதுகு வருத்தம். அவரிடம் ஒரு பழைய வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பின்னால் பேருக்கு ஒரு சின்னச் சீட். முன் சீட் இரண்டையும் மாற்றித் தரச் சொன்னார். மனைவிக்கு மட்டக்களப்பில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் பத்து வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு மஹியங்கனை ரோட்டால், மலைச்சரிவின் பதினெட்டு வளைவும் இறங்கிப் போவார்.

ஓட்டுகிறவர் சீட் வியாழக்கிழமையே முடிந்தது. நானே இருந்து ஓட்டினேன், நானா ஸ்பேனர் வைத்துப் பார்த்துக் கோடு போட்டார். இடதுபக்கச் சீட் மிச்சம். அதில் பின்கால், உள்பக்கத்து நட் துருப்பிடித்திருந்தது. போல்ட்டைப் போட்டு இறுக்கும்போது பாதியில் ஒரு மென்மை தெரிந்தது. இந்த வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். இறுகிக்கொண்டே வருகிற போல்ட் திடீரென்று வெண்ணெய் மாதிரி ஆகும். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். மரை முழுக்க இரும்புத் துருவல். நட்டின் மரை அழிந்துவிட்டது. வெட்டி எடுத்துத் தட்டு வைக்க வேண்டும். ஆனால் சரியாக அந்த இடத்துக்குக் கீழேதான் சைலன்சர் குழாய் போகிறது. குழாயைக் கழற்ற வேண்டும். அரை நாள் வேலை.

நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பகலில் மற்றவர்களும் போய்விடுவார்கள், கடையில் நான் ஒருவன்தான் இருப்பேன். டொக்டர் வந்து நிற்கிறார். மழை தூறுகிறது.

"முடிஞ்சுதோ தம்பி? பிள்ளை பள்ளிக்கூட வாசல்ல காத்துக்கொண்டு நிப்பாள்."

நான் முடியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கில் இருந்தது. சொன்னால் நானா வருவார், தட்டு வைக்கச் சொல்வார், பிறகு அந்த நனைந்த இறக்கத்தில் என்னை இருக்கச் சொல்வார். நான் அதை நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைத்தான் நினைத்தேன். வேறு ஒரு போல்ட்டை எடுத்து, கொஞ்சம் நீளமானதாகப் பார்த்து, அதே நட்டில் ஏற்றினேன். இறுகினது மாதிரி இருந்தது. தூரிகையை எடுத்து நாலு போல்ட்டுக்கும் நானே கோடு இழுத்தேன்.

"முடிஞ்சுது டொக்டர்."

"நன்றி தம்பி. நானாவிட்ட சொல்லிவிடுங்கோ." கார் போய்விட்டது.

நானா திரும்பி வந்தார். வழக்கமாக வந்ததும் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். அன்றைக்குக் கையைத் தொப்பிக்குக் கொண்டுபோனவர் தூரிகையைப் பார்த்துவிட்டு நின்றார். தொட்டுப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"டொக்டர்ட கார் போய்த்தா?"

"போயிருச்சு நானா."

"யாரு இருந்த?"

"நான்தான்."

"யாரு ஓட்டின?"

"டொக்டர்."

அவர் தட்டத்தில் கிடந்த பழைய போல்ட்டை எடுத்து நகத்தால் மரையைச் சுரண்டினார். துருவல் விழுந்தது. கை இரண்டும் பின்னால் போயின.

"இது எங்கத்த போல்ட்?"

"இடது. பின்கால். உள்பக்கம்."

"தட்டு வெச்சியா?"

"இல்ல நானா."

"இருந்தியா?"

நான் தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பேராதனை, கண்டி, வாவிக்கரை. பள்ளிக்கூடம் விட்ட நேரம், ரோடு நகரவில்லை. நான் டொக்டருக்கு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்காத மனிதர். நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கத்தை நான் அன்றைக்குச் சபித்தேன். பள்ளிக்கூட வாசலில் நின்ற காவல்காரரிடம் நானா கேட்டார். வெள்ளைக் கார் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்ச் சரியாக அரை மணித்தியாலம்.

பிள்ளை எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். இடதுபக்கச் சீட்டில். பெல்ட்டின் லொக் எந்தக் காலுக்கு மேலே இருக்கிறது என்றும் தெரியும். நட் அழிந்த அந்தக் காலுக்குத்தான்.

தென்னக்கும்புரைப் பாலம் தாண்டிய பிறகு நானா வேகத்தைக் கூட்டினார். உதடு மட்டும் அசைந்தது, ஓதிக்கொண்டிருந்தார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் முன்பக்கத்தையும் நான் பார்த்தேன், எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று. தெல்தெனியாவில் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். யாரோ செத்த வீடு. கொடிகள் காலையிலேயே கட்டியவை என்று புத்திக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். ஹுன்னஸ்கிரியாவில் ஒரு வளைவில் சனம் கூடி நின்றது. நானாவின் கால் பிரேக்குக்குப் போனதும் நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். மரக்கறி லொறியில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஃபோனில் சிக்னலும் இல்லை.

பதினெட்டு வளைவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சோளம் அவித்து விற்கிற கடை ஒன்றின் பக்கத்தில் வெள்ளைக் கார் நின்றது. டொக்டர் வெளியே நின்று சோளம் தின்றுகொண்டிருந்தார். பிள்ளை அந்தச் சீட்டிலேயே இருந்தாள், கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"என்ன நானா, இஞ்ச எங்க வந்தனீங்கள்?" என்று டொக்டர் சிரித்தார்.

நானா பிள்ளையிடம் குனிந்தார். "மகள், கொஞ்சம் எறங்குங்க."

"ஏன்? சீட் நல்லா இருக்கு மாமா," என்றாள் அவள். "வளைவு வரேக்க தொட்டில் மாதிரி ஆடுது."

டொக்டரின் சிரிப்பு போய்விட்டது. நானா என் பக்கம் திரும்பினார்.

"ஏறு."

"நானா, அதுல நட் போயிருச்சு."

"நீ இருந்தேண்டு என்கிட்ட சொன்ன. இப்ப இரி."

ஏறி இருந்தேன். பெல்ட் போட்டேன். சீட்டில் பிள்ளையின் சூடு இருந்தது. நானா டொக்டரிடம் சாவியை வாங்கி, வளைவுப் பக்கம் போகாமல் வந்த வழியில் சமமான ரோட்டில் விட்டார். வேகம்கூட இல்லை, மூன்றுவீல் போகிற வேகம். பிரேக்கை மிதித்தார்.

என் வலது இடுப்புக்குக் கீழே ஏதோ பிடுங்கிக்கொண்டு எழும்பியது. சீட்டின் பின்மூலை தூக்கி, முழுச் சீட்டும் இடதுபக்கம் முறுகியது. பெல்ட் நெஞ்சில் தொளதொளவென்று ஆனது. இரண்டு கையையும் முன்னால் ஊன்றியதால் முகம் தப்பியது. நான் வளர்ந்த ஆள், கை நீளம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கை எட்டாது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். போல்ட் நட்டை விட்டுக் கழன்று இரும்புக் காலோடு தொங்கியது. மஞ்சள் கோடு உடையவில்லை. போல்ட் தலையிலிருந்து கால் வரைக்கும் நேராக, அழகாக இருந்தது. போல்ட்டும் காலும் ஒன்றைவிட்டு ஒன்று அசையவில்லையே. விட்டது தரையின் நட்தான்.

டொக்டர் ஓடி வந்து பார்த்தார். நானா அவர் முன்னால் நின்று, "தப்பு எங்கட. என்ட," என்றார். சவரி என்று சொல்லவில்லை.

டொக்டர் என்னைத்தான் பார்த்தார். "என்ர பிள்ளை ரெண்டு மணித்தியாலம் அதில இருந்தவள்," என்றார். நான் அடி வாங்கியிருந்தால் நல்லது.

இடதுபக்கச் சீட்டைக் கழற்றி வேனுக்குள் போட்டோம். பிள்ளையைப் பின் சீட்டில் இருத்தி நானாவே பெல்ட் போட்டுவிட்டார், மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். அவர்கள் வளைவில் இறங்கி மறையும்வரை நின்றோம். திரும்பி வரும் வழியில் தெல்தெனியா தாண்டித்தான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கி வெள்ளன வா. தட்டு வெட்டணும்."

என்னை விலக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கோடு போட முன்னால் நானா காருக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு இருந்த?" என்று கேட்பார். இருந்தவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். "நான் இருந்தேன். சவரி." அதைக் கேட்ட பிறகுதான் தூரிகையைத் தொடுவார். மற்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் ஞாபகம் வரும். விலகும்வரை சொன்னேன். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

நானா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு கடையும் பெயரும் உங்கள் கைக்கு வந்தன. தூரிகையும் வந்தது. கேள்வி மட்டும் வரவில்லை.

பொய்க் கோடு என்று முதலில் எழுதினேன். நானும் ஒரு முறை அதைப் போட்டவன், ஆகவே பார்த்தவுடன் தெரியும். என் பொய் ஒரு காரோடு முடிந்தது. நீங்கள் எத்தனை கார் அனுப்பியிருக்கிறீர்கள்? அவை கடுகண்ணாவையில் இறங்குகின்றன, ஹந்தானையில் ஏறுகின்றன, பதினெட்டு வளைவில் போகின்றன. இடதுபக்கத்தில் யாருடைய மகளோ இருக்கிறாள். கீழே கோடு நேராக இருக்கிறது. பின்னால் வேனில் யாரும் துரத்தி வரவில்லை.

ஜெரோமின் கார் என் வாசலில்தான் நிற்கிறது. சீட்டை நான் கழற்றவில்லை. நீங்கள் பூட்டின மாதிரியே இருக்கிறது, போல்ட், வாஷர், கோடு எல்லாம்.

ஃபோனில் பதில் வேண்டாம். டீ குடிக்கச் சொல்லவும் வேண்டாம். அதே வீடியோவில், உங்கள் முகம் தெரிய, உங்களை நம்பிக் கார் கொடுத்த எல்லாரும் பார்க்க வந்து சொல்லுங்கள். வெள்ளிக் கார், இடதுபக்கச் சீட். கோடு எதற்கு என்று தெரியாமல் போட்டீர்களா, தெரிந்தே போட்டீர்களா? அந்தச் சீட்டில் யார் இருந்து பார்த்தது? பெயரைச் சொல்லுங்கள்.

சொல்ல ஒரு பெயர் இல்லை என்றால் கேமராவையும் எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வாருங்கள். பள்ளிவாசல் இறக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் ஓட்டுகிறேன். நீங்கள் இருங்கள்.